எத்தனை பர்சன்ட் அடைப்பு?

நம்ம பக்கத்துல யாராவது ஆஞ்சியோ எடுத்துட்டு வந்தா, விசாரிக்கப் போறவங்க முதல்ல கேக்கிறது இதைத்தான். எத்தனை பர்சன்ட்? திருப்போரூர் சன்னதித் தெருவானாலும் சரி, கேளம்பாக்கம் டீக்கடையானாலும் சரி, அம்பதுன்னா "பரவாயில்ல, மாத்திரையில சரியாயிடும்", எழுபதுன்னா "அய்யய்யோ", தொண்ணூறுன்னா "யோசிக்காதீங்க, ஸ்டென்ட் வெச்சிடுங்க". அந்த ஒரு நம்பரைக் கேட்டுட்டே நகை அடகுக் கடைக்குப் போயிடுது. எனக்குக் கோவம் அந்த நம்பர் மேலதான். அது பொய்யில்லை, ஆனா நமக்குத் தெரிய வேண்டிய விஷயத்தை அது பாதிகூட சொல்றதில்லை. தெரிய வேண்டியது ரொம்ப எளிமையானது. இதயத் தசை கஷ்டப்பட்டு வேலை செய்யுற நேரத்துல அதுக்குப் போதுமான ரத்தம் போய்ச் சேருதா? சேரலைன்னா எந்தப் பக்கத்துக்கு, எவ்வளவு தசைக்கு? இதை நேரடியாப் படம் பிடிச்சுக் காட்டுற பரிசோதனை ஒண்ணு பல வருஷமா இருக்கு. தாலியம் டெஸ்ட்னு சொல்வாங்க. (இப்போ பெரும்பாலும் தாலியத்துக்குப் பதிலா டெக்னீஷியம்தான் போடுறாங்க, பேர் மட்டும் ஒட்டிக்கிச்சு.) கதிரியக்கப் பொருளை ஊசி வழியா ரத்தத்துல ஏத்தி, அது இதயத் தசையில எங்கெங்க போய்த் தங்குதுன்னு காமா கேமராவால பார்க்கிறது. நடந்தா நெஞ்சு இறுக்குது, உக்காந்தா சரியாயிடுதுன்னு சொல்றவங்க எத்தனையோ பேருக்கு, பர்சன்ட் கணக்கை விட இந்தப் படம்தான் உருப்படியான பதில் சொல்லும். கதிரியக்கம்னு காதுல விழுந்ததுமே இதை வேண்டாம்னு தள்ளுறது தப்பு. இவ்வளவுதான் நான் சொல்ல வர்றது. ஆனா எதிர்க்கேள்விகள் நிறைய இருக்கு, அதெல்லாம் லேசான கேள்விகளும் இல்லை. அதனாலதான் இவ்வளவு நீளமா எழுத வேண்டியிருக்கு.

முதல்ல அந்த பர்சன்ட் ஏன் ஏமாத்துதுன்னு பார்ப்போம். செங்கல்பட்டு ஏரி மாவட்டம்னு பேர் வாங்கின ஊர், அதனால இந்த உதாரணம் நமக்குப் புரியும். வாய்க்கால் ஓரிடத்துல குறுகியிருக்கான்னு பார்க்கிறது ஒண்ணு, கடைமடை வயலுக்குத் தண்ணி போய்ச் சேருதான்னு பார்க்கிறது வேற ஒண்ணு. ஆஞ்சியோ வாய்க்காலைப் பார்க்குது. தாலியம் டெஸ்ட் வயலைப் பார்க்குது. 1974ல லான்ஸ் கூல்ட்ங்கிற அமெரிக்க டாக்டர், நாய்களோட இதயக் குழாயைக் கொஞ்சம் கொஞ்சமா இறுக்கி அளந்து பார்த்தார். சும்மா இருக்கும்போது, கிட்டத்தட்ட 85 சதவீதம் வரைக்கும் குழாய் குறுகினாலும் ரத்த ஓட்டம் குறையவே இல்லை. கீழே இருக்கிற சின்னச் சின்னக் குழாய்கள் விரிஞ்சு கொடுத்து ஈடு கட்டிடுது. ஆனா முழு வேகத்துல ரத்தம் ஓட வேண்டிய நேரத்துல, பாதி குறுகினதுமே பற்றாக்குறை தெரிய ஆரம்பிச்சிடுது. திருப்போரூர் பிரணவ மலைப் படிக்கட்டு ஏறும்போது நெஞ்சு பிடிக்குது, மேல போய் உக்காந்தா விட்டுடுதுன்னா அதுக்குக் காரணம் இதுதான். அதனால ஒருத்தரை மேஜையில படுக்க வெச்சு எடுக்கிற எந்தப் படமும், அது எவ்வளவு தெளிவா இருந்தாலும், அவர் மலை ஏறும்போது தசைக்கு என்ன நடக்குதுங்கிறதைத் தானாச் சொல்லிடாது.

நாய்க் கணக்கு மனுஷனுக்குப் பொருந்துமான்னு கேக்கலாம். பொருந்துது. 2009ல ஃபேம்னு ஒரு ஆய்வு வந்தது, 1,005 நோயாளிகள். அதுல பாதிப் பேருக்கு, ஒவ்வொரு அடைப்புக்கும் முன்னாலயும் பின்னாலயும் ரத்த அழுத்தத்தை மெல்லிய கம்பி விட்டு அளந்தாங்க. தாலியம் டெஸ்ட் இல்லை, ஆனா கேட்ட கேள்வி அதேதான். ஆஞ்சியோ படத்துல 50லயிருந்து 70 சதவீதம்னு தெரிஞ்ச அடைப்புகள்ல, உண்மையா ரத்தத்தைத் தடுத்தது நூத்துக்கு 35தான். 71லயிருந்து 90 வரைக்கும் இருந்த அடைப்புகள்லகூட அஞ்சுல ஒண்ணு தடுக்கவே இல்லை. எழுபதுன்னதும் கையெழுத்துப் போடச் சொல்ற இடத்துல இந்த ரெண்டு வரியையும் ஒட்டி வைக்கணும்னு எனக்குத் தோணும். இன்னொரு பக்கமும் உண்டு. 2010ல அமெரிக்காவுல, இதய நோய் ஏற்கெனவே கண்டுபிடிக்கப்படாத கிட்டத்தட்ட நாலு லட்சம் பேரோட ஆஞ்சியோவை அலசினாங்க. குறிப்பிடும்படியான அடைப்பு இருந்தது 38 சதவீதம் பேருக்குத்தான். மத்தவங்க அத்தனை பேருக்கும் தமனிக்குள்ள குழாய் விட்டு, சாய மருந்து ஏத்தி, பெரிசா ஒண்ணும் இல்லைன்னு அனுப்பியிருக்காங்க.

இந்தப் பரிசோதனை எப்படி நடக்குதுன்னு கொஞ்சம் விரிவாச் சொல்றேன், ஏன்னா இதோட அழகே அங்கதான் இருக்கு. கையில ஊசிக் குழாய் போட்டுட்டு டிரெட்மில்ல நடக்க விடுவாங்க. நாடித்துடிப்பு வேண்டிய அளவுக்கு ஏறினதும் (220லயிருந்து வயசைக் கழிச்சு வர்றதுல 85 சதவீதம்) மருந்தை ஏத்திட்டு, இன்னும் ஒரு நிமிஷமாவது நடக்கச் சொல்வாங்க. முட்டி வலி, பக்கவாதம்னு நடக்க முடியாதவங்களுக்கு அடினோசின் மாதிரி குழாயை விரிய வைக்கிற மருந்து குடுப்பாங்க. டெக்னீஷியத்தோட சேர்த்துப் போடுற செஸ்டமிபிங்கிற மருந்து, ரத்தம் எங்க எவ்வளவு போகுதோ கிட்டத்தட்ட அந்த அளவுக்கே தசை செல்லுக்குள்ள நுழைஞ்சு, மைட்டோகாண்ட்ரியாவுல போய் ஒட்டிக்கும். ஒட்டினது சுலபத்துல நகராது. அதனால முக்கால் மணி நேரம் கழிச்சு, மூச்சு வாங்குறது நின்னு, பால் குடிச்சு, நிதானமா கேமரா அடியில படுத்தாலும், படத்துல தெரியுறது அவர் மூச்சு வாங்கி நடந்துக்கிட்டிருந்த அந்த நிமிஷம். ஓடுற இதயத்தை நிறுத்தாமலே அந்த நொடியைப் பிடிச்சு வைக்கிற வேற வழி நமக்கு அவ்வளவு சுலபமாக் கிடைக்காது. அப்புறம் ஓய்வுல இருக்கும்போது இன்னொரு தடவை ஊசி, இன்னொரு படம். நடந்தப்போ இருண்டு போன இடம் ஓய்வுல வெளிச்சமாயிட்டா, அந்தத் தசை உயிரோட இருக்கு, ரத்தம்தான் பத்தலை. ரெண்டுலயும் இருட்டா இருந்தா, பெரும்பாலும் அது பழைய மாரடைப்போட தழும்பு. (நடுவுல பால் எதுக்குன்னா, ஈரலும் பித்தப்பையும் இந்த மருந்தை வாங்கி வெச்சுக்கும். ரெண்டும் இதயத்தோட அடிப்பக்கத்துக்குப் பக்கத்துலயே இருக்கிறதால படத்தைக் கெடுக்கும். பால் குடிச்சா பித்தப்பை காலியாகும்.)

இப்போ பெரிய எதிர்ப்புக்கு வருவோம். நம்ம ஊர்க்காரங்களுக்குக் கதிரியக்கம் புத்தகத்துல படிச்ச சமாச்சாரம் இல்லை. 1984லயிருந்து கல்பாக்கத்துல அணு மின்நிலையம் ஓடுது. புதுப்பட்டினம், சதுரங்கப்பட்டினம் பக்கத்து மக்கள் அதோட நிழல்லயே ரெண்டு தலைமுறையா வாழுறாங்க. 2004 சுனாமி கல்பாக்கம் டவுன்ஷிப்புக்குள்ளயும் புகுந்து உயிர்களைக் கொண்டு போச்சு. உலை பத்திரமா நிறுத்தப்பட்டாலும், அன்னைக்கு எழுந்த பயம் இன்னும் முழுசா அடங்கலை. அந்த பயத்தை அறியாமைன்னு ஒதுக்குறவங்களோட எனக்கு உடன்பாடு இல்லை. அதனால இங்க ஒருத்தர் கேக்கக்கூடிய கேள்வியை அதோட முழு பலத்தோடயே வைக்கிறேன். பொதுமக்களுக்கு அணு உலை மாதிரி இடங்களால வருஷத்துக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல கதிர்வீச்சு போகக் கூடாதுன்னு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வரம்பு வெச்சிருக்கு. இந்த டெஸ்ட்ல ரெண்டு ஊசிக்கும் சேர்த்து சுமார் 10 மில்லிசீவர்ட். ஊருக்கு ஒண்ணு அதிகம்னு சொல்லிட்டு, ஆஸ்பத்திரியில ஒரே நாள்ல பத்து குடுக்கிறது என்ன நியாயம்?

நியாயம் இருக்கு. அந்த ஒண்ணுங்கிற வரம்பு, கேக்காமலே கதிர்வீச்சு வாங்குறவங்களுக்காக வெச்சது. உலைக்குப் பக்கத்துல குடியிருக்கிற மீனவக் குடும்பம் அந்தக் கதிர்வீச்சை விரும்பி வாங்கலை, அதனால அவங்க உடம்புக்கு ஒரு நன்மையும் இல்லை. நோயாளி விஷயம் அப்படி இல்லை. ஊசியோட கெடுதல் போகிற உடம்புக்கேதான் அதோட நன்மையும் போகுது. அதனாலதான் வைத்தியத்துக்கு நம்பர் வரம்பு வைக்காம, அவசியம்னு ஒரு நிபந்தனை வெச்சிருக்காங்க. அவசியம் இல்லைன்னா ஒண்ணு கூட அதிகம். அவசியம்னா பத்து தாங்கக்கூடியது. எவ்வளவு தாங்கக்கூடியது? பூமியில, காத்துல, சாப்பாட்டுல, வானத்துலயிருந்து இயற்கையா வர்ற கதிர்வீச்சு உலக சராசரியா வருஷத்துக்கு 2.4 மில்லிசீவர்ட். ஆக, நாலு வருஷம் சும்மா உயிர் வாழ்ந்தா வர்ற அளவு. நம்ம கடற்கரையிலயே அங்கங்க மோனசைட் கலந்த கருமணல் இருக்கு. குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியிலயும் கேரளாவோட கருநாகப்பள்ளியிலயும் இன்னும் நிறைய. கருநாகப்பள்ளியில சுமார் எழுபதாயிரம் பேரைப் பல வருஷம் பின்தொடர்ந்து 2009ல வெளியிட்ட ஆய்வுல, அந்த மண்ணோட கதிர்வீச்சால புற்றுநோய் கூடினதாத் தெரியலை. இதைக் காட்டி "ஒண்ணுமே ஆகாது"ன்னு நான் சொல்ல மாட்டேன், ஏன்னா மண்ணுலயிருந்து மெதுவா வர்றதும் ஊசியில ஒரே நாள்ல வர்றதும் ஒண்ணில்லை. கதிர்வீச்சுப் பாதுகாப்புக்காரங்க எச்சரிக்கையா வெச்சிருக்கிற கணக்குப்படியே பார்த்தா, 10 மில்லிசீவர்ட் வாங்கின ரெண்டாயிரம் பேர்ல ஒருத்தருக்கு ஆயுசுல எப்பவோ கூடுதலா ஒரு புற்றுநோய் வரலாம். அறுபது வயசுக்காரருக்கு அதுவும் குறையும், முப்பது வயசுப் பெண்ணுக்குக் கூடும். நெஞ்சு இறுக்கத்தோட திரியுற அறுபது வயசு சர்க்கரை நோயாளியோட மாரடைப்பு ஆபத்துக்குப் பக்கத்துல இது ரொம்பச் சின்னது. அதோட, முதல்ல நடந்து எடுக்கிற படம் சுத்தமா இருந்துட்டா, ரெண்டாவது ஊசியே வேண்டாம்னு விட்டுடலாம். கதிர்வீச்சு பாதிக்கும் கீழே வந்துடும். இதை டாக்டர்கிட்ட கேக்கிறதுல தப்பே இல்லை.

ஊசியில போன டெக்னீஷியத்தோட அரை ஆயுள் 6 மணி நேரம். ஒரு நாள் கழிச்சு பதினாறுல ஒரு பங்குதான் மிச்சம். சிறுநீர்ல போறது தனி, அதனால நல்லாத் தண்ணி குடிக்கணும். அன்னைக்கு ஒரு நாள் கைக்குழந்தையை ரொம்ப நேரம் மடியில வெச்சிருக்காம இருந்தா நல்லது. கர்ப்பமா இருந்தாலோ, தாய்ப்பால் குடுத்தாலோ ஊசிக்கு முன்னாலயே சொல்லிடணும். கல்பாக்கத்துல வேலை பார்க்கிறவங்களுக்குத் தனியா ஒரு வார்த்தை. டெஸ்ட் முடிஞ்ச கையோட வேலைக்குப் போனா, வாசல்ல இருக்கிற கதிர்வீச்சு மானிட்டர் உங்களைப் பிடிச்சிடும். முன்கூட்டியே தகவல் சொல்லிட்டு, ஆஸ்பத்திரியில ஒரு கடிதம் வாங்கி வெச்சுக்குங்க. (விமானம் ஏறப் போறவங்களுக்கும் அதேதான். தாலியம் போட்டிருந்தா சில வாரம் வரைக்கும்கூடக் கருவி கண்டுபிடிச்சிடும்.)

ரெண்டாவது எதிர்ப்பு டாக்டர்கள்கிட்டயிருந்து வரும், அது இன்னும் பலமானது. 2003ல அமெரிக்காவுல பத்தாயிரத்துச் சொச்சம் பேரோட படங்களை வெச்சு ஒரு கட்டுரை வந்தது. இதயத் தசையில 10 சதவீதத்துக்கு மேல ரத்தப் பற்றாக்குறை இருந்தா ஸ்டென்டோ பைபாஸோ செஞ்சவங்க கூடுதலாப் பிழைச்சாங்க, அதுக்குக் கீழன்னா மருந்தே மேல்னு. ரொம்ப வருஷம் இதுதான் வேதவாக்கு. அப்புறம் 2020ல இஸ்கீமியாங்கிற பெரிய ஆய்வு வந்தது. இந்தியாவையும் சேர்த்து 37 நாடு, 5,179 பேர், எல்லாருக்கும் பரிசோதனையில நல்ல அளவு ரத்தப் பற்றாக்குறை. பாதிப் பேருக்கு உடனே ஆஞ்சியோ, ஸ்டென்ட் அல்லது பைபாஸ். மீதிப் பேருக்கு மருந்து மட்டும், தேவைப்பட்டா அப்புறம் பார்க்கலாம்னு. சாவுலயும் மாரடைப்புலயும் ரெண்டு கூட்டத்துக்கும் நம்பும்படியான வித்தியாசம் இல்லை. அப்படின்னா, படத்துல நிழலைக் கண்டுபிடிச்சு என்ன பிரயோஜனம்?

இந்த ஆய்வு என் வாதத்தை உடைக்குதுன்னு முதல்ல தோணும். யோசிச்சுப் பார்த்தா பர்சன்ட் வாதத்தைத்தான் இது அதிகமா உடைக்குது. ரத்தப் பற்றாக்குறை இருக்குன்னு நிரூபணமான ஆளுக்கே ஸ்டென்ட் வைக்க அவசரம் இல்லைன்னா, பற்றாக்குறை இருக்கான்னே பார்க்காம, குழாய் குறுகியிருக்குங்கிறதுக்காக மட்டும் வைக்க என்ன அவசரம்? ஸ்டென்ட் வேஸ்ட்னு நான் சொல்லலை. இஸ்கீமியாவுலயும் நெஞ்சுவலி அதிகமா இருந்தவங்களுக்கு அது நல்லாவே குறைஞ்சது. 2023ல வந்த ஆர்பிட்டா-2 ஆய்வுல, பாதிப் பேருக்கு உண்மையான ஸ்டென்ட், பாதிப் பேருக்கு வெச்ச மாதிரி நடிப்பு, யாருக்கு எதுன்னு நோயாளிக்கே தெரியாது. அதுலயும் உண்மையான ஸ்டென்டுக்கு வலி குறைஞ்சது. அந்த ஆய்வுல சேர்க்கப்பட்டவங்க எல்லாருக்குமே ரத்தம் குறையுறது முன்னாலயே நிரூபிக்கப்பட்டிருந்தது, அதைக் கவனிக்கணும். ஆக, ஸ்டென்ட் வலிக்கு நல்லது, அந்த வலி ரத்தக் குறைவால வர்றதா இருந்தா. அது ரத்தக் குறைவா, வாயுவா, தசைப் பிடிப்பான்னு பிரிச்சுக் காட்ட ஒரு சாட்சி வேணும். படம் சுத்தமா வந்துட்டா இன்னும் பெரிய நிம்மதி: அப்படிப்பட்டவங்கள்ல வருஷத்துக்கு நூத்துல ஒருத்தருக்கும் குறைவாத்தான் மாரடைப்போ இதயச் சாவோ வருது. மாத்திரையைச் சாப்பிட்டுக்கிட்டு, நடந்துக்கிட்டு, நகையை வீட்டுலயே வெச்சுக்கலாம்.

இந்த டெஸ்ட்டுக்கும் ஓட்டை உண்டு, மறைக்கக் கூடாது. காமா கேமரா ஒரு பக்கத் தசையை இன்னொரு பக்கத் தசையோட ஒப்பிட்டுத்தான் இருட்டைக் காட்டுது. மூணு குழாயும் சமமா அடைச்சிருந்தா எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி மங்கும், படம் நல்லா இருக்கிற மாதிரியே தெரியும். கூடவே டிரெட்மில்ல ரத்த அழுத்தம் இறங்குச்சா, இதய அறை வீங்கித் தெரியுதான்னு பார்க்கிற டாக்டர்தான் இதைப் பிடிப்பார். ரத்த ஓட்டத்தை ஒப்பீடா இல்லாம நேரடியா அளக்கிற பெட் ஸ்கேன் இதுக்குச் சரியான மருந்து. ஆனா அதுல ஏத்துற கதிரியக்க அம்மோனியாவோட அரை ஆயுள் பத்து நிமிஷம், அதைத் தயாரிக்கப் பக்கத்துலயே சைக்ளோட்ரான் வேணும். பெண்களுக்கு மார்பகமும், தொந்தி இருக்கிறவங்களுக்கு உதரவிதானமும் பொய் நிழல் போடும். குப்புறப் படுக்க வெச்சு இன்னொரு படம் எடுத்தா பல நேரம் அது விலகிடும். சி.டி. ஆஞ்சியோ இருக்கே, அது போதாதான்னா, நாப்பது அம்பது வயசுல புதுசா வலியோட வர்றவங்களுக்கு அதுதான் நல்ல முதல் படி. 2018ல வந்த ஸ்காட்லாந்து ஆய்வுல, அதை எடுத்தவங்கள்ல அஞ்சு வருஷத்துல 2.3 சதவீதம் பேருக்கும், எடுக்காதவங்கள்ல 3.9 சதவீதம் பேருக்கும் மாரடைப்போ இதயச் சாவோ வந்தது. ஆனா குழாய் பூரா சுண்ணாம்பு படிஞ்சவங்களுக்கும், ஏற்கெனவே ஸ்டென்டோ பைபாஸோ ஆனவங்களுக்கும் சி.டி. தடுமாறும். அங்க தாலியம் டெஸ்ட்தான் பேசும்.

இதையெல்லாம் படிச்சுட்டு, வலியே இல்லாதவங்க "சர்க்கரை இருக்கே, ஒரு தடவை எடுத்துப் பார்த்துடலாமா"ன்னு கிளம்ப வேண்டாம். சென்னையில நடந்த கப்ஸ் ஆய்வுல, சர்க்கரை நோயாளிகள்ல 21 சதவீதம் பேருக்கு இதயக் குழாய் நோய் இருந்தது, அதனால கவலை நியாயமானதுதான். இருந்தாலும் டயாட்ங்கிற ஆய்வு (2009) அறிகுறியே இல்லாத 1,123 சர்க்கரை நோயாளிகளை எடுத்து, பாதிப் பேருக்கு இந்த டெஸ்ட்டைச் செஞ்சு பார்த்தது. கிட்டத்தட்ட அஞ்சு வருஷத்துல ரெண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் வரலை. மாஸ்டர் ஹெல்த் செக்கப் பட்டியல்ல சேர்க்கிற சமாச்சாரம் இல்லை இது. அதே மாதிரி, வலி அரை மணி நேரமா விடாம இருக்கு, வேர்த்துக் கொட்டுதுன்னா எந்த ஸ்கேனையும் தேடாதீங்க. 108ஐக் கூப்பிடுங்க, இல்லைன்னா பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க. 2023ல தொடங்கின இதயம் காப்போம் திட்டத்துல, அங்கயே முதல் டோஸ் மாத்திரைகளைக் குடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புறாங்க.

டெஸ்ட்டுக்குப் போறவங்களுக்கு ரெண்டு விஷயம். அடினோசின் போடப் போறாங்கன்னா, முந்தின நாள்லயிருந்தே காபி, டீ, கோலா, சாக்லேட் எதுவும் வேண்டாம். காஃபின் அந்த மருந்து வேலை செய்யுற இடத்துலயே போய் உக்காந்துக்கும், குழாய் விரியாது, நோய் இருந்தும் படம் சுத்தமா வரும். ஆஸ்துமா இருக்கிறவங்க அதைக் கண்டிப்பாச் சொல்லணும். மூச்சுக்கு டெரிஃபிலின் சாப்பிடுறவங்களும் சொல்லணும், அதுவும் காஃபின் பண்ற வேலையையே பண்ணும். இன்னொண்ணு, டெக்னீஷியத்தை யாரும் வாங்கி அலமாரியில அடுக்கி வைக்க முடியாது. அணு உலையில தயாரான மாலிப்டினம் ஒரு ஈயக் கவசப் பெட்டிக்குள்ள வந்து இறங்கும், அதோட அரை ஆயுள் 66 மணி நேரம், அது சிதையச் சிதைய வர்ற டெக்னீஷியத்தை தினமும் காலையில எடுத்து மருந்தோட கலப்பாங்க. (இது கல்பாக்கத்துலயிருந்து வர்றதில்லை. நம்ம நாட்டுல ஆஸ்பத்திரிகளுக்கான ஐசோடோப்பு மும்பை டிராம்பே பக்கத்துலயிருந்தும் வெளிநாட்டுலயிருந்தும் வருது.) 2009ல கனடாவுல சாக் ரிவர் உலை ஒரு வருஷத்துக்கு மேல நின்னப்போ, உலகம் பூரா ஆஸ்பத்திரிகள்ல இதுக்குத் தட்டுப்பாடு வந்தது. உங்க பேருக்குன்னு காலையில கலந்து வெச்ச ஊசி சாயங்காலத்துக்குள்ள பாதிக்கும் கீழே செத்துப் போயிடும். அதனால ஓ.எம்.ஆர்.ல டிராஃபிக் இருக்கும்னு கணக்குப் பண்ணி சீக்கிரமே கிளம்புங்க. வர முடியாதுன்னா முந்தின நாளே போன் பண்ணிச் சொல்லிடுங்க, அந்த ஊசி வரிசையில காத்துக்கிட்டிருக்கிற இன்னொருத்தருக்குப் போகும்.